நெஸ்டர் வாஸ்குலின் சும்மா இருக்கும் தலை

சோகல் ஊரில் நெஸ்டர் வாஸ்குலைப் பற்றி யாரிடம் கேட்டாலும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, "ஆனா கூப்பிட்டா திரும்ப மாட்டான்" என்பார்கள். காதில் கோளாறு ஒன்றும் இல்லை. பனி தள்ளும் வண்டியின் அடித்தகட்டில் ஒரு திருகு தளர்ந்தால், எஞ்சின் இரைச்சலுக்கு நடுவிலும் அவருக்குக் கேட்டுவிடும். மனுஷக் குரல்தான் காதுக்கும் மூளைக்கும் நடுவில் எங்கோ இறங்கிப் போய்விடும்.

குளிர்காலம் முழுக்க அவருக்கு அந்த வண்டிதான். மனிடோபா மாகாணத்தின் அந்தப் பக்கத்துச் சாலைகள் அடிக்கோல் வைத்துக் கிழித்தது போல நேராகப் போகும். தரை வெள்ளை, வானம் வெள்ளை. இரண்டும் சேரும் இடத்தில் யாராவது ஒரு வேலிக்கம்பு நட்டிருந்தால் அன்றைக்கு அதுதான் காட்சி. பக்கத்துத் தடத்தில் வண்டி ஓட்டும் வால்ட்டர் ஹ்ரைனிக், பைத்தியம் பிடிக்காமல் இருக்கச் சத்தமாகப் பாடுவார். பாட்டு தீர்ந்ததும் மச்சினனைத் திட்டுவார். மச்சினன் வீட்டைத் தாண்டும்போது ஹார்னை அழுத்திப் பிடிப்பார். நெஸ்டர் எதுவும் செய்ய மாட்டார். அவர் வண்டியில் ரேடியோ கெட்டுப் போய் இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. வால்ட்டர் ஒரு நாள் ஏறி உட்கார்ந்து, குமிழைத் திருகிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரியும்.

"அப்ப நாள் பூரா உள்ள உக்காந்து என்னதான்டா பண்ற?"

"ஓட்டறேன்."

"அது கை பண்ணுது. மண்டை என்ன பண்ணுது?"

நெஸ்டர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "அது சும்மாத்தான் இருக்கு" என்றார்.

அவர் மனைவி ஸ்டெஃபா தபால் ஆபீஸில் வேலை பார்த்தாள். ஊரில் யாருக்கு யார் கடிதம் எழுதுகிறார்கள் என்பதோடு, யார் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். வெங்காயம் வதக்கிக்கொண்டே சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு எத்தனை அண்டா பெரோகிக் கொழுக்கட்டை வேண்டும் என்று கணக்குப் போடுவாள். அதே நேரத்தில் மாப்பிள்ளை வீட்டாரின் குறைகளையும் வரிசைப்படுத்துவாள். இவை எல்லாவற்றையும் நெஸ்டரிடம் சொல்லவும் சொல்வாள். நெஸ்டர் "ம்" என்பார். அவர்கள் கல்யாணம் நிச்சயமானதே ஒரு "ம்"மில்தான். அறுவடை நடனம் முடிந்து வீட்டுக்கு நடக்கும் வழியில், இவன் எங்கே கேட்கப் போகிறான் என்று அலுத்துப் போய் ஸ்டெஃபாவே கேட்டாள். அவர் "ம்" என்றார். அது எந்த "ம்" என்ற சந்தேகம் அவளுக்கு வெகு காலம் இருந்தது.

இப்படியே போயிருக்கும். ஆனால் எழுபதுகளின் நடுவில் ஒரு ஜனவரியில், நெஸ்டரைக் கல் அடித்தது.

கர்லிங் ஆட்டத்துக் கல். பானை போல உருண்ட கருங்கல். பனித்தளத்தின் ஒரு கோடியிலிருந்து வழுக்கிவிட்டால், சத்தமில்லாமல் மறுகோடி வரை போகும். நெஸ்டர், கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்க்கிற துடைப்பத்தோடு தளத்தின் நடுவில் நின்று, தன் முறைக்காகக் காத்திருந்தார். வால்ட்டர் விட்ட கல் நேராக அவரைப் பார்த்து வந்தது. "நகரு!" என்று அவர் அணி கத்தியது. எதிரணியும் கத்தியது. வேடிக்கை பார்த்தவர்கள் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுக் கத்தினார்கள். நெஸ்டர் லேசான புன்னகையோடு கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். கல் இரண்டு காலையும் வாரிவிட்டது. பின்மண்டை பனியில் மோதிய சத்தம் வாசல் வரை கேட்டதாம்.

"பார்த்துட்டுத்தானேடா இருந்த!" என்றார் வால்ட்டர், அவரைத் தூக்கி உட்கார வைத்து.

"பார்த்தேன்" என்றார் நெஸ்டர். "நல்லா வந்துச்சு."

எதற்கும் பார்த்துவிடலாம் என்று வின்னிபெக் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் தலைமயிரை வகிடு வகிடாகப் பிரித்து, பசை தடவி, கம்பிகளை ஒட்டினார்கள். பக்கத்தில் ஒரு பெட்டி நீளமான காகிதத்தில் பேனாக்களால் கிறுக்கிக்கொண்டே போனது. கண்ணை மூடச் சொன்னார்கள், மூடினார். திறக்கச் சொன்னார்கள், திறந்தார். மறுபடி மூடச் சொன்னார்கள். மறுபடி திறக்கச் சொன்னார்கள். பிறகு பெட்டியைத் தட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் போய் இன்னொருவரை அழைத்து வந்தார். அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டார்.

வந்தவர் டாக்டர் ஆர்டித் லோவன். மூளை அலைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். உயரமான பெண்மணி. சந்தோஷம் வந்தால் பேச்சு வேகமாகிவிடும். காகிதத்தை மடியில் போட்டுக்கொண்டு நெஸ்டருக்கும் ஸ்டெஃபாவுக்கும் விளக்கினார்.

"மூளைக்குள்ள மின்சாரம் எப்பவும் மெல்லிசா ஏறி இறங்கிட்டே இருக்கும். மும்முரமா யோசிச்சா அலை பொடிப்பொடியா, தாறுமாறா, வேகமா ஓடும். கண்ணை மூடி நிம்மதியா உக்காந்தா, பின்மண்டைப் பக்கம் ஒரு பெரிய அலை வரும். செகண்டுக்குப் பத்து தடவை மாதிரி, ஊஞ்சல் ஆடற மாதிரி சீரா. அதுக்குப் பேர் ஆல்ஃபா. கண்ணைத் திறந்து எதையாவது பார்த்தா பெரும்பாலும் மறைஞ்சிடும். கஷ்டமான கணக்குப் போட்டாலும் மறைஞ்சிடும். தூக்கம் வந்தாலும் போயிடும், அப்ப இன்னும் மெதுவான அலை வரும். உங்களுக்கு என்னன்னா, கண்ணைத் திறந்தும் அது போகவே இல்ல."

"நான் எதையும் பார்க்கலையே" என்றார் நெஸ்டர்.

"அடிபட்டதால வந்ததா?" என்று கேட்டாள் ஸ்டெஃபா.

"இல்லம்மா. அடி ஒண்ணும் பெரிசில்ல. இவர் எப்பவுமே இப்படித்தான் இருந்திருக்கணும்."

"அதை நான் சொன்னேன், யாரும் கேக்கல" என்றாள் ஸ்டெஃபா. "இதுக்கு ஒரு மிஷின் வேண்டியிருந்துச்சா?"

டாக்டர் லோவனுடைய ஆராய்ச்சிக்கூடத்தில் அந்தச் சமயம் ஒரு பெரிய முயற்சி நடந்துகொண்டிருந்தது. ஆல்ஃபா அலை வரும்போதெல்லாம் "ஊ" என்று ஒலிக்கும் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, மாணவர்கள் அந்த ஒலியை வரவழைக்கப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். மூச்சை அடக்கினார்கள், சம்மணமிட்டார்கள், கடலை நினைத்தார்கள். பெட்டி விக்கல் எடுப்பது போல "ஊ... ஊ" என்று சொல்லி நிறுத்திவிடும். நெஸ்டரை உட்கார வைத்து, பெட்டியோடு கம்பியால் இணைத்த பட்டையைத் தலையில் கட்டியதும், பெட்டி "ஊஊஊ" என்று பிடித்தது, விடவில்லை. அவர் டோனட் சாப்பிட்டார், ஒலித்தது. ஷூ கயிற்றைக் கட்டினார், ஒலித்தது. கணக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

"பதினேழை இருபத்தி மூணால பெருக்குங்க."

ஒலி நின்றது. மாணவர்கள் முன்னால் குனிந்தார்கள். ஒரு கணம்தான். மறுபடி "ஊஊஊ".

"போட்டுட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"இல்ல, விட்டுட்டேன்" என்றார் நெஸ்டர்.

செய்தி பரவிவிட்டது. அந்தக் காலத்தில் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் மன அமைதியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் அது கிடைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரியில் ஒரு நாள் துருப்பிடித்த வேன் ஒன்று சோகலுக்கு வந்து, முனிசிபாலிட்டிக் கொட்டகை வாசலில் பனியில் சிக்கி நின்றது. தாடி வைத்த ஓர் இளைஞனும் கம்பளிப் போர்வை போர்த்திய இரண்டு பெண்களும் இறங்கினார்கள். நெஸ்டர் வேனை இழுத்து வெளியே விட்டார். அவர்கள் போகவில்லை. அவர் வண்டிக்கு எண்ணெய் போடுவதைப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஐயா, இந்த நிலைக்கு நீங்க எப்படி வந்தீங்க?" என்று கேட்டான் தாடிக்காரன்.

நெஸ்டர் எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்தார். "முனிசிபாலிட்டில ஆள் எடுத்தாங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி பன்னி வளர்த்தேன்."

"மனசை எப்படி ஐயா காலி பண்றது?"

"அதுல ஏதாவது வெச்சாத்தானே காலி பண்ணணும்?" என்றார் நெஸ்டர். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. போர்வைப் பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வால்ட்டர் கொட்டகைக்குள் ஓடிப் போய், டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று வாயில் துணியை வைத்து அழுத்திக்கொண்டார். அன்று முதல் ஊரில் நெஸ்டருக்கு "சுவாமி" என்று பெயர். "சுவாமி, உப்பை இப்படித் தள்ளு" என்பார்கள் காப்பிக் கடையில். இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும்.

டாக்டர் லோவனுக்கு ஒரு கவலை இருந்தது. இப்படிப்பட்ட தலையோடு ஒருவர் இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டலாமா? பெட்டியை எடுத்துக்கொண்டு அவரே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நெஸ்டர் தலையில் பட்டை, அதற்கு மேல் கம்பளிக் குல்லா. பெட்டி முன்கண்ணாடிக்குக் கீழே இருந்தது. கிளம்பியதும் "ஊஊஊ" என்று ஆரம்பித்தது. வடக்குச் சாலை முழுக்க ஒலித்தது. டாக்டருக்கே கண் செருகிவிட்டது.

திடீரென்று சத்தம் நின்றது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றுமில்லை, வெள்ளைதான். நெஸ்டர் ஏற்கனவே பிரேக்கை அழுத்தியிருந்தார். சற்றுத் தள்ளி, பனிப்புழுதிக்குள்ளிருந்து மூஸ் மான் ஒன்று மெதுவாக வெளிப்பட்டது. சாலையின் நடுவில் நின்று இவர்களை ஏற இறங்கப் பார்த்தது. அவசரமில்லாமல் அந்தப் பக்கம் போனது.

"அது இருக்கறது எப்படித் தெரிஞ்சுச்சு?"

"வெள்ளை கொஞ்சம் மாறிச்சு" என்றார் நெஸ்டர். வண்டி நகர்ந்தது. "ஊஊஊ" என்றது பெட்டி.

டாக்டருக்கு நிம்மதி. இந்தத் தலை தூங்கும் தலை அல்ல; தேவைப்படாத வரைக்கும் எழுந்து நிற்காத தலை. வீட்டிலும் இதே மாதிரி ஒலிக்கிறதா பாருங்கள் என்று பெட்டியை ஸ்டெஃபாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் வினையாய்ப் போனது இங்கேதான். பெட்டி ஒலித்தால் அவர் கவனிக்கவில்லை, நின்றால் கவனிக்கிறார். இந்த விஷயம் ஸ்டெஃபாவுக்கு உறைக்க ஒரு சாப்பாட்டு வேளை போதுமானதாக இருந்தது.

மேஜையில் பீட்ரூட் சூப்பு, ரொட்டி, புளிப்பு கிரீம். கிரீம் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பெட்டி.

"ஓல்கா அத்தைக்குப் பித்தப்பையில கல்லாம்" என்றாள் ஸ்டெஃபா.

ஊஊஊ.

"ஆபரேஷன் பண்ணணுமாம்."

"ம்" என்றார் நெஸ்டர். ஊஊஊ.

"'ம்'ங்கறியே, எதைக் கேட்டு 'ம்'ங்கற?"

சத்தம் பட்டென்று நின்றது. நெஸ்டர் கரண்டியைப் பிடித்தபடி தேடினார். "அத்தைக்கு... உடம்பு சரியில்ல."

"எந்த அத்தைக்கு?"

நெஸ்டர் சூப்பைக் கிளறினார். பெட்டி இன்னும் ஒலிக்கவில்லை. "எல்லா அத்தைக்குமா?"

ஸ்டெஃபாவுக்கு இத்தனை வருஷத்தில் இப்படி ஓர் ஆயுதம் கிடைத்ததில்லை. அந்த வாரம் முழுக்கப் பரிசோதனைதான். தேவாலயக் கூரை, தபால் தலை விலை, அவள் தங்கச்சி புருஷன் என்று எதை எடுத்தாலும் "ஊஊஊ". கொல்பாசா தொத்திறைச்சி என்றால் நின்றது. கார்புரேட்டர் என்றால் நின்றது. "மேற்கால மேகம் கட்டுது" என்றால் நின்றதோடு, ஆள் எழுந்து ஜன்னலுக்கே போய்விட்டார். ஒரு நாள், பித்தப்பையைப் பற்றிப் பேசிய அதே ராகத்தில், "நம்ம வீடு தீப்பிடிச்சு எரியுது நெஸ்டர், மாடிப்படி வரைக்கும் வந்துடுச்சு" என்றாள். பெட்டி ஒரு விக்கல் விக்கிவிட்டுத் தொடர்ந்து ஒலித்தது. "ம்" என்றார் நெஸ்டர்.

ஸ்டெஃபா கரண்டியை மேஜையில் போட்டாள். கையைக் கட்டிக்கொண்டாள். இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டாள்.

பெட்டி கொஞ்ச நேரம் ஒலித்தது. பிறகு தடுமாறியது. பிறகு நின்றது. நெஸ்டர் தலையை நிமிர்த்தினார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"பேசலையே?"

"சும்மா இருக்கேன். நீ மட்டும்தான் சும்மா இருக்கணுமா?"

பெட்டி மூச்சு விடவில்லை. நெஸ்டர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து, அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "ஜுரம் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அவர் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சுகளில் ஒன்றைப் பேசினார். "என் வண்டி எஞ்சின் சத்தம் எனக்குக் காதுலயே விழாது, ஸ்டெஃபா. ஓடிட்டு இருந்தா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். நின்னுச்சுன்னாத்தான் பயம். இறங்கிப் பார்க்கணும்."

"என்னை எஞ்சின்ங்கறியா?"

"நல்ல எஞ்சின்" என்றார் நெஸ்டர்.

அவரைக் கட்டிக்கொள்வதா, சூப்புக் கரண்டியால் போடுவதா என்று ஸ்டெஃபாவுக்குத் தெரியவில்லை. சமயம் பார்த்து அந்தப் பழைய கேள்வியைக் கேட்டாள். "அன்னிக்கு நடனம் முடிஞ்சு வர்றப்ப, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டேனே. 'ம்'ன்னியே. அது கேட்டுச் சொன்னதா?"

"மூணாவது தடவை கேட்டப்ப நல்லாக் கேட்டுச்சு" என்றார் நெஸ்டர்.

ஸ்டெஃபாவுக்கு அவள் ஒரு தடவைதான் கேட்டதாக ஞாபகம். அதைப் பற்றி அவள் அன்றிரவு வெகு நேரம் பேசினாள். பெட்டி திருப்தியாக ஒலித்தது.

தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறவளிடம் இப்படி ஒரு பெட்டி இருந்தால் ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? பெண்கள் வரிசையில் நின்றார்கள். வால்ட்டரின் மனைவி நாடியா முதலில் வாங்கிப் போய் வால்ட்டர் தலையில் கட்டினாள். பெட்டி வாயே திறக்கவில்லை.

"பார்த்தியா?" என்றார் வால்ட்டர் பெருமையாக. "நீ பேசற ஒவ்வொரு வார்த்தையையும் கவனிக்கறேன்."

"கவனிக்கற லட்சணம் உதட்டுல தெரியுது" என்றாள் நாடியா. "எங்க அண்ணனைத்தானே உள்ளுக்குள்ள திட்டிட்டு இருக்க?"

விஷயம் கடைசியில் பங்குத்தந்தை புரோகோப் காதுக்கும் எட்டியது. நல்ல மனிதர். பிரசங்கம் மட்டும் கொஞ்சம் நீளம். நெஸ்டர் எப்போதும் மூன்றாவது வரிசையில், விழித்த கண்ணோடு தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு, இந்த ஊரில் ஒருத்தனாவது கேட்கிறானே என்று அவர் ஆறுதல்பட்டிருந்தார். அதற்கும் இப்போது ஆபத்து வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வரச் சொன்னார்.

அன்று தேவாலயத்தில் நிற்க இடமில்லை. தவக்காலம், பொறுமை என்பது தலைப்பு. ஃபாதர் ஆரம்பித்தார். மூன்றாவது வரிசையிலிருந்து "ஊஊஊ" என்று எழுந்தது. ஃபாதர் குரலை உயர்த்தினார், அதுவும் சளைக்கவில்லை. கையை வீசினார், வேதத்தில் வரும் யோபின் புண்களை ஒவ்வொன்றாக வர்ணித்தார். ஊஊஊ. சபையில் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஃபாதர் வேறு வழியில் போனார்.

"பொறுமைன்னா என்ன? நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்கப்பாவோட டிராக்டர் சேத்துல சிக்கிச்சு. பின் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிடுச்சு."

சத்தம் நின்றது.

ஃபாதரின் முகம் மலர்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அவர் டிராக்டரை விடவில்லை. பலகை போட்டார், குதிரை கட்டினார், சங்கிலி அறுந்தது, மறுபடி கட்டினார். பெட்டி மௌனம். அங்கிருந்து நைசாகப் பொறுமைக்குத் திரும்பினார். பெட்டி இன்னும் மௌனம்! ஃபாதருக்கு இறக்கை முளைத்தது. பொறுமையிலிருந்து விசுவாசத்துக்குப் போனார், விசுவாசத்திலிருந்து புதுக் கூரைக்குப் போனார். அவர் ஊழியத்திலேயே இவ்வளவு நீண்ட பிரசங்கம் நடந்ததில்லை. நெஸ்டருக்காகவே பேசுவது போல மூன்றாவது வரிசையை நோக்கிக் கையை நீட்டி, "நம்ம நெஸ்டர் மாதிரி, செவி உள்ளவன் கேட்கக்கடவன்!" என்று முடித்தார்.

அந்த அமைதியில் ஒரு குறட்டை எழுந்தது. நிதானமான, நல்ல ஆரோக்கியமான குறட்டை.

பிறகு கூடத்தில் காப்பி குடிக்கும்போது ஸ்டெஃபாதான் ஃபாதரைத் தேற்றினாள். "சத்தம் நிக்கறதுக்கு ரெண்டு காரணம் இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க ஃபாதர். ஒண்ணு, கவனிக்கணும். இல்ல தூங்கிடணும்."

"டிராக்டரப்ப எது?" என்று கேட்டார் ஃபாதர். குரலில் நம்பிக்கை முழுவதும் போய்விடவில்லை.

நெஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். "குதிரையை முன்னால கட்டினது தப்பு, ஃபாதர். பின்பக்கமா இழுத்திருக்கணும்."

ஃபாதர் புரோகோப் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அடுத்த ஞாயிறு முதல் பிரசங்கம் பாதியாகக் குறைந்தது. எந்திரங்கள் கூடின.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது ஸ்டெஃபாவுக்கு உள்ளூர ஓர் ஆசை. ஒரு மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் பட்டையைத் தன் தலையில் கட்டிக்கொண்டாள். சத்தமே இல்லை. கண்ணை மூடினாள். இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, நிம்மதிக்கு என்னென்ன செய்யலாம் என்று யோசித்தாள். அடுப்பில் முட்டைகோஸ் உருண்டை இருப்பது ஞாபகம் வந்தது. கையால் பெட்டியை ஒரு அறை அறைந்தாள். டாக்டர் லோவனுக்குப் போன் போட்டாள்.

"சில பேருக்கு அது வர்றதே அபூர்வம்மா" என்றார் டாக்டர். "வியாதி இல்ல, குறையும் இல்ல. மனுஷங்க பல விதம்."

"சும்மா இருக்கத் தெரியாதுங்கறீங்களா?" என்றாள் ஸ்டெஃபா. "சும்மா இருக்கறதுல அந்த ஆள் எனக்கு மேலயா?"

தோற்றுப் போவது ஸ்டெஃபாவுக்குப் பழக்கமில்லை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டையைக் கட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். பெட்டி மசியவில்லை. நெஸ்டருக்குப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஒரு நாள் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ரோட்டை நினைச்சுக்கோ" என்றார். "பனியை நினைச்சுக்கோ."

"என்ன பனி? எல்லாப் பனியும் ஒண்ணுதானே."

நெஸ்டர் திடுக்கிட்டுப் போனார். "ஒண்ணா?" என்றார். பிறகு அது நடந்தது. அவர் பேச ஆரம்பித்தார். விடியற்காலையில் விழும் மாவுப்பனி தகட்டில் ஒட்டாது. மத்தியான ஈரப்பனி ரொட்டிமாவு மாதிரி சுருண்டு வரும். காற்று அடித்து இறுகின பனியை ஓரத்திலிருந்துதான் சீவ வேண்டும், நடுவில் குத்தினால் தகடு துள்ளும். தெற்குக் காற்றில் விழுந்தது சாம்பல் மாதிரி, வடக்குக் காற்றில் விழுந்தது உப்பு மாதிரி. தகட்டின் கோணத்துக்கு வந்தார். ஐந்தாம் சாலைத் திருப்பத்துக்கு வந்தார். அவர் கண்கள் பளபளத்தன. இவ்வளவும் இத்தனை குளிர்காலமாக அவருக்குள் எங்கே கிடந்தன என்று அவருக்கே தெரியாது.

"அதுல பார்த்தீன்னா, அடியில பழைய ஐஸ் இருந்துச்சுன்னா..."

ஊஊஊ.

இருவரும் உறைந்தார்கள். உடனே சத்தம் நின்றது.

"வந்துச்சு!" என்று கத்தினாள் ஸ்டெஃபா. "எனக்கு வந்துச்சு நெஸ்டர்! ஏன் நிறுத்தின? பேசு, பேசு!"

நெஸ்டர் பேசவில்லை. பெட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "நீ கேக்கல" என்றார்.

"கேட்டேனே. ஐஸ்."

"என்ன ஐஸ்?"

ஸ்டெஃபா வாயைத் திறந்தாள். தேடினாள். "எல்லா... ஐஸும்?"

நெஸ்டர் வாஸ்குலுக்கு அதுவரை யார் மேலும் கோபம் வந்ததாக ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அன்று அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, குல்லாவைப் போட்டுக்கொண்டு, ஒரு பூட்ஸை மாற்றிப் போட்டுக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, கொட்டகைக்குப் போய் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். எஞ்சினைக்கூடப் போடவில்லை. மனுஷன் வாயைத் திறந்து பேசியதே ஒரு தடவை!

ஸ்டெஃபா சமையலறையில் தனியாக உட்கார்ந்து முதலில் சிரித்தாள். பெட்டியைக் கையில் எடுத்து, பார்த்து, கொல்லென்று இன்னொரு முறை சிரித்தாள். பிறகு அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த ஆள் இருபது வருஷமாகக் கேட்காமலே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தன்னால் ஒரு தடவை பனியைத் தாங்க முடியவில்லை. காப்பியைப் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு, கொல்பாசாவை ரொட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். வண்டியின் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினாள்.

"அடியில பழைய ஐஸ் இருந்தா என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

நெஸ்டர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெஸ்டர், உன்னைத்தான். பட்டை இல்ல, பெட்டி இல்ல. என் மூஞ்சியைப் பாரு. கேக்கறேன்."

அவர் பார்த்தார். சந்தேகமாகத்தான் பார்த்தார். பிறகு ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டு, "முதல்ல மணல் போடணும்" என்று ஆரம்பித்தார். அன்று அவர் சொன்னதில் முக்கால்வாசி ஸ்டெஃபாவுக்கு ஞாபகம் இருந்தது. மீதிக் கால்வாசியில் அவள் ஈஸ்டருக்குச் சாயம் போட வேண்டிய முட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனால் தலையை ஆட்டத் தவறவில்லை.

மார்ச்சில் டாக்டர் லோவன் பெட்டியை வாங்கிப் போக வந்தார். நாடியாவும் இன்னும் சிலரும் அதை இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். அவர்கள் கணவர்கள் ஒன்றுகூடி அதைத் தாங்களே காரில் ஏற்றிவிட்டார்கள். ஸ்டெஃபாவின் தலை டாக்டருக்கு நெஸ்டர் தலையை விடச் சுவாரசியமாகத் தெரிந்தது. அவளையும் வின்னிபெக்குக்கு வரச் சொன்னார். அவள் போனாள், கம்பிகளை ஒட்டிக்கொண்டாள், ஒட்டுகிறவர்களுக்கெல்லாம் பெரோகி கொண்டுபோனாள். அவளும் டாக்டரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். இருவருக்குமே அது தடையாக இருக்கவில்லை. நெஸ்டர் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார். தாடிக்காரப் பையன் ஒரு நாள் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் போலவே எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெகு நேரம் கழித்து, "எனக்குக் கொஞ்சம் பிடிபடற மாதிரி இருக்கு ஐயா" என்றான். "ம்" என்றார் நெஸ்டர்.

நெஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை அவர் தடத்தில் ஒரு கார்கூடப் பள்ளத்தில் இறங்கியதில்லை. ஓய்வுக்குப் பிறகு வியாழக்கிழமை தோறும் ஸ்டெஃபா அவரைத் தேவாலயக் கூடத்தில் நடக்கும் பிங்கோ ஆட்டத்துக்குக் கூட்டிப்போவாள். எண்களைக் கூப்பிடுவது வால்ட்டர். நெஸ்டர் அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு அழகாக உட்கார்ந்திருப்பார். ஒரு எண்ணும் காதில் விழாது. ஸ்டெஃபா தன் அட்டைகளோடு அவர் அட்டையையும் பார்த்துக் காய் வைப்பாள். நாடியாவிடம் பேச்சையும் விட மாட்டாள். ஒரு வியாழக்கிழமை அவர் அட்டைக்குப் பெரிய பரிசு விழுந்தது. பன்றி இறைச்சித் தொடை ஒன்று, முழுசாக, ரிப்பன் கட்டி. ஸ்டெஃபா "பிங்கோ!" என்று கத்தினாள். கூடம் முழுக்க எழுந்து நின்று "சுவாமி! சுவாமி!" என்று கைதட்டியது. வால்ட்டர் வந்து முதுகில் நாலு போட்டார். நெஸ்டர் எல்லோரையும் பார்த்து அன்பாகப் புன்னகை செய்தார்.

மறுநாள் காலை குளிர்பெட்டியைத் திறந்தவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"ஸ்டெஃபா," என்றார், "இந்தத் தொடை யாரோடது?"